தேர்வீதியும் வட்டச்சாலையும்: ஜொகூர் பாருவைச் சூழும் நெடுஞ்சாலைகளின் வரலாறு

ஒரு பெருநகரையும் அதன் புறநகர்களையும் சூழ்ந்து செல்லும் நெடுஞ்சாலையை நாம் வட்டச்சாலை என்கிறோம். சுற்றுவட்டச் சாலை என்பாரும் உளர். மலாய் மொழியில் இதற்கு ‘லிங்காரான்’ என்னும் சொல் வழங்குகிறது. ஜொகூர் பாரு நகர நடுவிலுள்ள ‘ஜாலான் லிங்காரான் டாலாம்’ என்னும் பெயருக்கு உள்வட்டச் சாலை என்பதே பொருள். கூலாயில் வாழும் நமக்கு, அந்நகரை வடக்கே வளைத்துச் செல்லும் நெடுஞ்சாலைகள் அன்றாடப் பழக்கத்தில் உள்ளவை. பழக்கத்தில் உள்ள பொருளுக்கு வரலாறு உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இச்சாலைகள் எவ்வாறு தோன்றின, எதற்காகத் தோன்றின, அவை தோன்றுவதற்கு முன்னர் அந்நிலத்தில் யார் இருந்தனர் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வழி, வீதி, சடக்கு

நெடுந்தொலைவு செல்லும் சாலையைப் பழந்தமிழர் பெருவழி என்றனர். கோவைக்கு அருகே, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிச் சென்ற இராசகேசரிப் பெருவழியைக் கல்வெட்டு ஒன்று நமக்கு அறிவிக்கிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களில் தொலைவு காதக் கணக்கில் பொறிக்கப்பட்டுள்ளது. எண்ணை எழுதியதோடு நில்லாமல் அதே எண்ணிக்கையில் சிறு குழிகளையும் கல்லில் குடைந்துள்ளனர். எழுத்தறியாத வழிப்போக்கரும் எண்ணித் தெரிந்துகொள்வதற்காகவே இவ்வாறு செய்தனர் என்று அறிஞர் விளக்குவர்.

பெருவழி ஊரையும் ஊரையும் இணைப்பது. ஊருக்குள் வட்டமாகவோ சதுரமாகவோ சுற்றி வருவது வீதி. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்து சித்திரை வீதியும், அதனைச் சூழ்ந்து ஆவணி மூல வீதியும், அதனையும் சூழ்ந்து மாசி வீதியும் அமைந்துள்ளன. ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இச்சுற்றுகள் திருவிழாக் காலங்களில் இறைவனும் இறைவியும் உலா வருவதற்கு உரியவை. சுற்றி வருதல் என்பது தமிழர்க்குப் புதிதன்று. அதற்கு நாம் இட்ட பெயர் வலம். வலம் வருவோர் நடுவிலுள்ளதை மனத்தில் கொண்டே சுற்றுகின்றனர். இன்றைய வட்டச்சாலையின் நோக்கமோ இதற்கு நேர்மாறானது. நகர நடுவிற்குள் புகாமல் அப்பால் செல்ல விரும்புவோருக்காகவே அது அமைக்கப்படுகிறது. தோற்றத்தால் ஒத்தும் நோக்கத்தால் மாறியும் நிற்கும் இவ்விரண்டின் வேறுபாடு, இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படையாகும்.

மலேசியத் தமிழரிடம் இன்னொரு சொல்லும் உண்டு. நம் மூத்தோர் சாலையைச் ‘சடக்கு’ என்றே கூறுவர். வட இந்திய மொழிகளில் வழங்கும் ‘சடக்’ என்பதோடு இது ஒத்திருக்கிறது. தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் நம் கதைகளில் செம்மண் சடக்கு தவறாமல் இடம்பெறும். லயத்திலிருந்து பிரட்டுக் களத்திற்கும், அங்கிருந்து பால்மரக் காட்டிற்கும் மக்கள் நடந்த வழி அது. பெருவழி, வீதி, சடக்கு, நெடுஞ்சாலை, விரைவுச்சாலை என்னும் சொற்களை வரிசைப்படுத்தினால், அவ்வரிசையிலேயே ஒரு சமுதாயம் கடந்து வந்த தொலைவு புலப்படும்.

மதில் இருந்த இடத்தில் சாலை

நகரைச் சூழும் சாலைகள் பல, நகரைச் சூழ்ந்த மதில்களின் அடித்தடத்திலேயே பிறந்தன. மதுரை இதற்கு நல்ல சான்று. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நகரின் நெருக்கடியைத் தீர்க்க எண்ணிப் பழைய கோட்டை மதிலை இடிப்பித்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போருக்கு அந்நிலத்தையே வழங்குவதாக அறிவித்து, குடிமக்களின் உழைப்பைக் கொண்டே அப்பணியை நிறைவேற்றினார். மதில் நின்ற பகுதியில் புதிய வீதிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று நில அளவையாளர் மாரட்டின் பெயரையும், மற்றொன்று பணியை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரையும் பெற்றன. அவற்றுக்கும் புறத்தே அமைந்தது வெளி வீதி. ஒரு மேஸ்திரியின் பெயர் ஏறத்தாழ 180 ஆண்டுகளாக ஒரு பெருநகரின் வீதியில் நிலைத்திருப்பதை நாம் மனத்தில் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

ஐரோப்பாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. வியன்னா நகரின் மதில்களை இடிக்குமாறு பேரரசர் பிரான்சு யோசப்பு 1857-இல் ஆணையிட்டார். அவ்விடத்தில் அமைந்த வளைவுச்சாலை 1865-இல் திறக்கப்பட்டது. பாரிசு நகரில் 1840-களில் எழுப்பப்பட்ட மதில் முதல் உலகப் போருக்குப் பின் இடிக்கப்பட்டது. அதன் தடத்தை ஒட்டி 1958-இல் தொடங்கி 1973-இல் நிறைவுற்ற வட்டச்சாலை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுடையது. பாரிசு வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மதிலுக்கு வெளியே கட்டடம் எழுப்பக் கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த நிலப்பட்டையில், நகருக்குள் வாடகை கொடுக்க இயலாத ஏழைகள் குடிசையிட்டு வாழ்ந்தனர். காலப்போக்கில் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். நகரின் விளிம்பு ஒருபோதும் வெற்றிடமாக இருப்பதில்லை. அங்கே குடியிருப்போர் பெரும்பாலும் நிலத்தின்மீது எழுத்துரிமை இல்லாதவர்களாகவே இருந்துள்ளனர்.

ஆற்றுவழியிலிருந்து இருப்புப்பாதைக்கு

ஜொகூர் பாருவுக்கு மதில் இருந்ததில்லை. 1855-இல் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் தஞ்சோங் புத்திரி என்னும் பெயரில் நிறுவிய குடியிருப்பே பின்னர் ஜொகூர் பாரு ஆயிற்று. அக்காலத்தில் ஜொகூரின் வழிகள் ஆறுகளே. ஆற்றங்கரைகளில் மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்ட சீனக் குடியிருப்புகள் ‘கங்கார்’ எனப்பட்டன. அவற்றின் தலைவர் ‘கங்சு’ எனப்பட்டார். கங்கார் தெப்ராவ், கங்கார் பூலாய் ஆகிய ஊர்ப்பெயர்கள் அந்த ஏற்பாட்டின் எச்சங்கள். 1917-இல் அம்முறை ஒழிக்கப்பட்டது.

தரைவழியாக உள்நாட்டிற்குச் செல்ல மகாராஜா அபு பக்கார் மேற்கொண்ட முதல் முயற்சி மரத்தாலான தண்டவாளம். ஜொகூர் பாருவிலிருந்து பூலாய் மலையை நோக்கி 1869-இல் தொடங்கப்பட்ட அப்பாதை கறையான்களுக்கு இரையாகிக் கைவிடப்பட்டது. அதன்பின் இரும்புத் தண்டவாளம் வந்தது. கெமாசிலிருந்து கூலாய் வழியாக ஜொகூர் பாருவை அடையும் இருப்புப்பாதை 1909-இல் நிறைவுற்றது. ஜொகூர் நீரிணையின் குறுக்கே கடற்பாலம் அமைக்கும் பணி 1919-இல் தொடங்கியது. 1923-இல் அதன்மீது தொடர்வண்டிகள் ஓடின. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்டது. இருப்புப்பாதையும் அதனை ஒட்டிய நெடுஞ்சாலையும் ரப்பர்த் தோட்டங்களை ஜொகூரின் உட்பகுதிக்கு இழுத்து வந்தன. கூலாயைச் சுற்றியும் அத்தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் பால் மரம் சீவவும், பொதுப்பணி இலாகாவில் கல் உடைத்துச் சாலை போடவும், இருப்புப்பாதையில் தண்டவாளம் இடவும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை கங்காணிகள் வழியாக இவ்வரவு நீடித்தது.

இக்காலத்துச் சாலை அமைப்பு ஒரே கோட்டைச் சார்ந்தது. வடக்கிலிருந்து வரும் வண்டி கூலாய், செனாய், ஸ்கூடாய் ஆகிய ஊர்களின் ஊடாகச் சென்று ஜொகூர் பாருவில் நுழைந்து கடற்பாலத்தைக் கடக்கும். நாட்டின் முதலாம் எண் கூட்டரசுச் சாலையாகிய இக்கோட்டின் முனையில் நகர நடுவும் எல்லைக் கடப்பும் ஒன்றாகவே இருந்தன. கோட்டின் முனையில் எல்லாம் வந்து குவியும்போது நெரிசல் ஏற்படுவது இயல்பு.

அரைவட்டம் உருவான வகை

நெரிசல் மட்டுமே வட்டச்சாலைக்குக் காரணமாகாது. நகரின் பொருளாதாரம் நடுவைவிட்டு விளிம்பிற்கு நகர்ந்ததே முதற்காரணம். 1974-இல் செனாயில் வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. 1977-இல் கிழக்கே பாசிர் கூடாங்கில் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. மேற்கே தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் 1999-இல் பணியைத் தொடங்கியது. வடக்கே வானூர்தி நிலையம், கிழக்கிலும் மேற்கிலும் துறைமுகங்கள் என மூன்று முனைகள் அமைந்துவிட்டன. இவற்றை இணைக்க வேண்டிய சரக்குந்துகள் நகர நடுவிற்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை.

இதற்கேற்பச் சாலைகள் ஒவ்வொன்றாக வந்தன. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994 செப்டம்பர் 8-இல் முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஜொகூர் பாரு மாநகரத் தகுதி பெற்றிருந்தது. வடக்கிலிருந்து தொலைதூரம் செல்லும் வண்டிகள் அதன்பின் கூலாய் ஊருக்குள் புகாமலே தெற்கே செல்லலாயின. 1998-இல் தஞ்சோங் கூப்பாங்கிற்கும் சிங்கப்பூரின் துவாசிற்கும் இடையே இரண்டாவது இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது. அதனை அடைய, செனாய்க்கு அருகே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து மேற்காகப் பிரிந்து கேலாங் பாத்தா வழியாகச் செல்லும் விரைவுச்சாலை அமைந்தது. செனாயிலிருந்து கிழக்கே செல்லும் செனாய்–டெசாரு விரைவுச்சாலையின் முதற்பகுதி 2009-இலும் முழுச்சாலை 2011-இலும் திறக்கப்பட்டன. 77 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை உலு திராம் வழியாகச் சென்று பாசிர் கூடாங்கிற்கு வழிவிட்டு, ஜொகூர் ஆற்றைக் கடந்து கடற்கரையை அடைகிறது. ஆற்றின்மீதுள்ள கம்பிவடப் பாலத்தின் நடுத்தாவு மட்டும் 500 மீட்டர். கடற்பாலத்திலிருந்து வடகிழக்காக நெடுஞ்சாலைக்கு நேரே ஏறும் கிழக்குப் பகிர்வு இணைப்புச் சாலை 2012-இல் வந்தது.

நிலப்படத்தை விரித்து இச்சாலைகளை விரலால் தொடர்ந்தால், தெற்கே நீரிணையை அடியாகக் கொண்டு செனாயையும் கூலாயையும் முடியாகக் கொண்ட ஓர் அரைவட்டம் புலப்படும். நீரிணை குறுக்கிடுவதால் மலேசிய மண்ணில் இவ்வட்டம் முழுமையடைவதில்லை. துவாசிலிருந்து ஆயர் ராஜா, தீவு, புக்கிட் தீமா ஆகிய சிங்கப்பூர் விரைவுச்சாலைகளின் வழியே உட்லண்ட்ஸை அடைந்து, கடற்பாலத்தைக் கடந்து மீண்டும் செனாயை அடைந்தால் வளையம் நிறைவுறுகிறது. இரு நாடுகளையும் நான்கு குடிநுழைவுச் சாவடிகளையும் தன்னுள் கொண்ட வளையம் இது. விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்கள் இவ்வளையத்தின் ஒரு பகுதியை நாள்தோறும் கடக்கின்றனர்.

2006-இல் தொடங்கப்பட்ட இஸ்கந்தார் மலேசியா வளர்ச்சித் திட்டம் 2,217 சதுர கிலோமீட்டர் பரப்பை ஒரே பெருநகர வட்டாரமாக வகுத்தது. அதன் ஐந்து முதன்மை மண்டலங்களுள் ஒன்று செனாய்–ஸ்கூடாய். கூலாய் 2008-இல் தனி மாவட்டமாயிற்று. கூலாய்ஜெயா எனப் பெயர் மாறி, 2015-இல் மீண்டும் கூலாய் என்னும் பழம்பெயரையே பெற்றது. நிருவாகத்தில் தனி மாவட்டமாகப் பிரிந்த அதே காலத்தில், வாழ்க்கை முறையில் அது பெருநகரின் வடக்கு விளிம்பாக மாறிக்கொண்டிருந்தது.

விளிம்பு நகரும்

வட்டச்சாலை நகரின் எல்லையைக் குறித்து நிற்கும் என்று எண்ணுவது தவறு. சென்னையின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். நூறடிச் சாலை எனப்படும் உள்வட்டச் சாலை ஒரு காலத்தில் நகரின் ஓரம். அவ்வோரத்தில் அமைந்த கோயம்பேட்டிற்கு 1996-இல் காய்கனிச் சந்தையும் 2002-இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் மாற்றப்பட்டன. இருபது ஆண்டுகளில் கோயம்பேடு நகரின் நடுப்பகுதி போலாகிவிட்டது. அதற்கும் அப்பால் புறவழிச்சாலை வந்தது. அதற்கும் அப்பால் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை வந்தது. 2023-இன் இறுதியில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. இப்போது எண்ணூரையும் மாமல்லபுரத்தையும் இணைக்கும் இன்னும் பெரிய சுற்று உருவாகி வருகிறது. இலண்டனைச் சூழும் 188 கிலோமீட்டர் வட்டச்சாலை 1986-இல் நிறைவுற்ற சில ஆண்டுகளிலேயே நெரிசலுக்குப் பெயர்பெற்று, அகலப்படுத்தப்பட வேண்டியதாயிற்று.

இதன் காரணம் எளிது. சாலை வந்தவுடன் அதன் இருமருங்கிலும் நிலத்தின் விலை உயர்கிறது. தொழிற்பேட்டையும் வீடமைப்பும் வருகின்றன. சுற்றிச் செல்ல வகுத்த வழியே சென்று சேரும் இடமாகிவிடுகிறது.

விளிம்பில் இருந்தோர்

ஜொகூர் பாருவின் விளிம்பில் அன்று இருந்தவை தோட்டங்கள். ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் விளைந்த அந்நிலம், நகரம் நெருங்க நெருங்க, விளைபொருளைவிட மனையாக விற்பதற்கே மிகுந்த விலைபெற்றது. இந்நிலையில் நிலத்தின் உரிமையாளர் இழந்தது குறைவு, பெற்றது மிகுதி. லயத்தில் வாழ்ந்த தொழிலாளியின் நிலை வேறு. அவர் குடியிருந்த வீடு அவர் செய்த வேலையோடு கட்டுண்டது. தோட்டம் மூடப்பட்டால் வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும். பொதுத் தேவைக்கு நிலம் எடுப்பதை நெறிப்படுத்தும் 1960-ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டம், நிலத்தில் உரிமையுடையோருக்கு இழப்பீடு வழங்குகிறது. உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டுமே குடியிருப்பவரை அச்சட்டத்தின் சொல்விளக்கம் அவ்வுரிமையாளர் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று தலைமுறை ஓரிடத்தில் வாழ்ந்தும் பட்டா இல்லாதவருக்கு இழப்பைக் காட்டச் சான்று இல்லை.

இந்த இடரை நம் முன்னோர் முன்பே ஒருமுறை கண்டனர். 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர் தெருவிற்கு வந்தனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கச் செய்தார். நிலத்தின்மீது எழுத்துரிமை பெறுவதே பாதுகாப்பு என்னும் அறிவு அன்றே தோன்றிவிட்டது. எனினும் அது எல்லாத் தோட்டங்களையும் எட்டவில்லை.

பள்ளிகளின் நிலையும் இதனோடு பிணைந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல தனியார் நிலத்தில் அமைந்தமையால் அரசின் பகுதி உதவியை மட்டுமே பெற்றன. தோட்டத்து மக்கள் வெளியேறியபின் மாணவரின்றிச் சில மூடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தன. இடம்பெயர்ந்தும் பெயரை மாற்றிக்கொள்ளாத பள்ளிகள் நாடெங்கும் உள்ளன. சுற்றிலும் ஒரு பால்மரமும் இல்லாத நகர்ப்புறத்தில் ‘லாடாங்’ என்னும் சொல்லோடு ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகை நிற்பதைக் காண்கிறோம். அது பிழையன்று. அப்பள்ளி எங்கிருந்து வந்தது என்பதற்கான வரலாற்றுச் சான்று அது.

வட்டச்சாலைகளால் நமக்கு வந்த நன்மையையும் மறைத்தலாகாது. செனாயிலும் பாசிர் கூடாங்கிலும் எழுந்த தொழிற்சாலைகள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு தொழில்களைத் தந்தன. உயர்கல்விக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் நேரம் குறைந்தது. தோட்ட வாழ்க்கை குறைவற்றதாக இருந்ததென்றும் யாரும் கூறார். இழந்ததைக் கணக்கிட்டு எழுதி வைத்தோமா என்பதே நம்முன் நிற்கும் வினா.

நாம் செய்யத்தக்கது

மதுரையில் மதிலை இடித்த பணியை மேற்பார்த்த மேஸ்திரியின் பெயரை ஒரு வீதி இன்றும் சுமக்கிறது. மலாயாவின் சாலைகளுக்குக் கல் உடைத்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்தம் பெயர்கள் சாலைப் பலகைகளில் இல்லை. அவர்கள் வாழ்ந்த தோட்டத்துப் பிரிவுகளின் பெயர்களோ தமிழில் வழங்கியவை, நிலப்படத்தில் ஏறாதவை. கங்காணியின் பெயராலும், கோயிலின் பெயராலும், ஆற்றின் பெயராலும் மக்கள் தமக்குள் வழங்கிய அப்பெயர்கள், அவற்றைச் சொல்லும் மூத்தோரோடு மறைந்துவிடும்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எளிய பணி ஒன்றை முன்வைக்கிறோம். ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தின் நிலப்படம் ஒன்றை வரைதல் வேண்டும். இன்றைய நெடுஞ்சாலைகளையும் வீடமைப்புப் பகுதிகளையும் அதில் குறித்தபின், மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, அவ்விடங்களில் முன்பிருந்த தோட்டம், பிரிவு, லயம், கோயில், பள்ளி, பிரட்டுக் களம், செம்மண் சடக்கு ஆகியவற்றை அதன்மேல் குறிக்கலாம். சொன்னவர் பெயரும், சொன்ன ஆண்டும், அவர் வழங்கிய சொல் அவர் ஒலித்தவாறும் பதிவாதல் நன்று. ஒரு பருவத்தில் ஒரு வகுப்பு செய்து முடிக்கத்தக்க பணியே இது. மாவட்டத்துப் பள்ளிகள் பலவற்றின் படங்களை ஒன்றாக இணைத்தால், வேறெங்கும் கிடைக்காத ஒரு வரலாற்று ஆவணம் நம் கையில் இருக்கும்.

அவ்வாறு செய்த மாணவன் செனாயைக் கடந்து செல்லும்போது, தன் வண்டி எந்தத் தோட்டத்தின் மேலே ஓடுகிறது என்பதை அறிந்திருப்பான். நடுவைத் தவிர்ப்பதற்கென்று வகுத்த வழியிலும் நடுவை மறவாமல் சுற்றி வர அவனால் இயலும்.